கைப்பிடியில் ஒரு வெள்ளி வில்லை





தஞ்சைத் தரணியின் பழைய நிலக்கிழார் குடும்பங்கள் சிலவற்றில், நிலப் பத்திரங்களுடனும் பித்தளை அண்டாக்களுடனும் உரிமம் பெற்ற கைத்துப்பாக்கி ஒன்றும் தலைமுறை தாண்டி வந்து சேர்ந்திருப்பதை நாம் அறிவோம். ஆங்கிலேயர் 1878ஆம் ஆண்டில் இயற்றிய ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இன்றி எவரும் துப்பாக்கி வைத்திருத்தல் கூடாது. அந்த உரிமம் கிடைப்பதே அக்காலத்தில் ஒரு மதிப்பாகக் கருதப்பட்டது. நெல் விற்ற பணத்துடன் இரவில் மாட்டு வண்டியில் ஊர் திரும்பியவர்களும், பர்மாவிலும் மலாயாவிலும் பொருளீட்டி வந்து நிலம் வாங்கியவர்களும் அதனை விரும்பிப் பெற்றனர். விடுதலைக்குப் பின் 1959ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. உரிமத்தைக் காலந்தோறும் புதுப்பித்தும், தேர்தல் அறிவிக்கப்பட்டவுடன் காவல் நிலையத்தில் ஒப்படைத்தும், முடிந்தபின் கையொப்பமிட்டு மீட்டும் அவற்றை நம் பெரியவர்கள் பாதுகாத்தார்கள். பெரும்பாலானவை ஒருமுறைகூட வெடித்ததில்லை.

1980களின் நடுவில் வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகளைத் தனியார் இறக்குமதி செய்வது நிறுத்தப்பட்டது. அதன் பின்னர், ஏற்கெனவே நாட்டுக்குள் இருந்தவற்றின் விலை ஏறிக்கொண்டே போனது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் செய்யப்பட்ட வெப்லி ஸ்காட், அமெரிக்காவின் கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஆகியவை இன்று லட்சங்களில் கைமாறுகின்றன. அவற்றைத் தேடி வாங்குவோர் பார்க்கும் அடையாளங்களுள் ஒன்று, கைப்பிடியில் பதிக்கப்பட்ட சிறு உலோக வில்லை. அந்த வில்லை எங்கள் குடும்பத்தில் ஒரு மார்க்கக் கேள்வியை எழுப்பியது. அதனை உங்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாட்டனார் விட்டுச் சென்ற பொருள்

பாபநாசத்தை அடுத்த எங்கள் ஊரில், எங்கள் பாட்டனாரிடம் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் .32 போர் ரிவால்வர் ஒன்று இருந்தது. அவருக்குப் பின் முறையாக உரிமம் பெற்று எங்கள் அத்தா அதனை வைத்திருந்தார்கள். அத்தா வஃபாத்தானவுடன் சட்டப்படி அது உரிமம் பெற்ற ஆயுத வணிகர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. உரிமதாரர் இறந்துவிட்டால் அவருடைய துப்பாக்கியை வாரிசுகள் வீட்டில் வைத்திருப்பதும் குற்றமே என்பதைப் பலர் அறிவதில்லை. வாரிசுகளுள் ஒருவர் தம் பெயரில் உரிமம் பெற வேண்டும். அல்லது உரிமம் உள்ள ஒருவருக்கு விற்றுவிட வேண்டும். எங்களில் எவருக்கும் துப்பாக்கி தேவைப்படவில்லை. எனவே விற்பது என்று முடிவாயிற்று.

வாரிசுகள் ஐவர்: எங்கள் அம்மா, சகோதரர் இருவர், சகோதரியர் இருவர். மார்க்கம் வகுத்த பங்கின்படி சொத்தை 48 கூறுகளாக்கினால் அம்மாவுக்கு 6, ஆண் மக்களுக்குத் தலா 14, பெண் மக்களுக்குத் தலா 7. நிலத்தையும் வீட்டையும் பங்கிடுவதில் சிக்கல் எழவில்லை. துப்பாக்கியைக் கூறுபோட இயலாது. அதன் விலையைத்தான் பங்கிட முடியும்.

வாங்க முன்வந்தவர் உரிமம் பெற்ற சேகரிப்பாளர். வணிகரின் கடையில் அதனைப் பார்த்தார். வால்நட் மரக் கைப்பிடியின் இருபுறமும் வெள்ளி நிறத்தில் பளபளத்த வில்லைகளையும், அவற்றில் எஸ், டபிள்யூ என்னும் எழுத்துகள் பின்னிக் கிடந்ததையும் கண்டு மகிழ்ந்தார். “வில்லைகூட அப்படியே இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வந்த நிலை மாறவே இல்லை” என்றார். நாங்கள் எதிர்பார்த்ததைவிட உயர்ந்த விலையையும் சொன்னார்.

வில்லைகளைப் படிக்கும் முறை

பேரம் முடியுமுன், அந்தப் பொருள் எந்த ஆண்டினது என்பதை அறிய விரும்பினோம். அதற்காகத் தேடியபோதுதான் வில்லைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பது தெரிந்தது.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தார் தொடக்கத்தில் கடின ரப்பரால் ஆன கைப்பிடிகளில் தம் எழுத்து முத்திரையை அச்சிலேயே வார்த்தனர். மரக் கைப்பிடிகளில் பொன்னிற வில்லைகளைப் பதிக்கும் வழக்கம் சுமார் 1910இல் வந்து, ஏறத்தாழ 1920 வரை நீடித்தது. அதன்பின் ஒரு பத்தாண்டுக் காலம் வழக்கமான மரக் கைப்பிடிகளில் வில்லையே இல்லை. மேற்பகுதி வெறும் மரமாக வழவழப்பாக இருந்தது. 1930ஐ ஒட்டி வில்லை மீண்டும் வந்தது. இம்முறை அதன் நிறம் வெள்ளி. திருகாணியைச் சுற்றி, செதுக்கு வேலை இன்றி விடப்படும் சிறு சாய்சதுரம் 1968ஆம் ஆண்டுவரை தொடர்ந்து, பின்னர் கைவிடப்பட்டது. கோல்ட் நிறுவனத்தின் சட்டைப்பைத் துப்பாக்கிகளிலும் இத்தகைய மாற்றம் உண்டு. முற்காலத்தில் கடின ரப்பர். 1924ஐ ஒட்டி, பாயும் குதிரை பொறித்த வில்லையுடன் மரம். வெப்லியின் பிற்காலக் கைப்பிடிகளிலோ தனி வில்லை இல்லை. நிறுவனத்தின் பெயர் கைப்பிடியிலேயே வார்க்கப்பட்டிருக்கும்.

ஆகவே வில்லை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. எந்த நிறம், எந்த வடிவக் கைப்பிடி, அது அமர்ந்திருக்கும் துப்பாக்கி எந்த ஆண்டினது என மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆண்டினை அறியத் தொடர் எண் உதவும். அந்த எண் கைப்பிடியின் அடிப்புறத்திலும், தோட்டாக்கள் அமரும் உருளையின் பின்முகத்திலும், குழலின் கீழ்ப்புறத்திலும் பொறிக்கப்பட்டிருக்கும். இவற்றையெல்லாம்விட முக்கியமான இடம் ஒன்று உண்டு. பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் துப்பாக்கிகளில், வலப்பக்கக் கைப்பிடிப் பலகையின் உட்புறத்தில் அதே எண்ணைத் தொழிற்சாலையில் பென்சிலாலோ அச்சாலோ குறித்து வைத்தார்கள். வெளியே தெரியாத அந்த எண் பொருந்தினால், அந்தப் பலகை அந்தத் துப்பாக்கிக்கென்றே பொருத்தப்பட்டது என்று பொருள்.

வணிகரின் முன்னிலையில், அவருடைய கைவினைஞர் ஒற்றைத் திருகாணியைக் கழற்றினார். பலகையை நெம்பாமல், இரும்புச் சட்டத்தை மெல்லத் தட்டி அதனைத் தானாக விலகச் செய்தார். நெம்பினால் நூறாண்டு மரம் விளிம்பில் சிதைந்துவிடும் என்றார். உட்புறத்தில் எண் இருந்தது. ஆனால் அது எங்கள் துப்பாக்கியின் எண் இல்லை.

நிறுவனத்தின் பழைய பதிவேடுகளைப் பார்த்து, ஒரு துப்பாக்கி தொழிற்சாலையை விட்டுச் சென்ற நாளைக் கட்டணம் பெற்றுக்கொண்டு எழுதித் தரும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. அவ்வாறு பெற்ற மடல் 1924 என்றது. அது வில்லையே இல்லாத காலம். எங்கள் துப்பாக்கி வந்த நாளில் அதன் கைப்பிடி வெறும் மரமாகத்தான் இருந்திருக்க வேண்டும். பாட்டனார் காலத்தில் ஒருமுறை கைப்பிடி உடைந்து சென்னையில் மாற்றப்பட்டது என்று அம்மா நினைவுகூர்ந்தார்கள். காண்பவர் கண்ணுக்கு அசல் என்று பட்ட அந்த வெள்ளி வில்லைதான், கைப்பிடி மாற்றப்பட்டது என்பதற்குச் சான்றாக நின்றது. அடையாளம் இல்லாமையே அசலின் அடையாளமாக இருக்கும் காலமும் உண்டு என்பதை அன்று அறிந்தோம்.

கேட்காதவருக்கும் சொல்ல வேண்டுமா?

வாங்குபவர் கைப்பிடியைக் கழற்றிக் காட்டும்படி கேட்கவில்லை. வில்லை குறித்து நாங்களும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவர் தாமாகவே ஊகித்துக்கொண்டார். எங்களில் ஒருவர் கேட்டார்: “அவர் துறை அறிந்தவர், கையில் எடுத்துப் பார்த்துத்தான் விலை சொன்னார். நாம் பொய் சொல்லவில்லையே?” உலக வழக்கில் இது வலுவான வாதம்தான்.

இதற்கு விடை தேட டெல்டாக்காரர்களாகிய நாம் தொலைவுக்குச் செல்ல வேண்டியதில்லை. மதீனாவின் கடைத்தெருவில் நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியல் ஒன்றினுள் கையை நுழைத்ததும், விரல்களில் ஈரம் பட்டதும், மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் சொன்னதும், அப்படியானால் மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று அவர்கள் கேட்டதும், ஏமாற்றுபவரைத் தம்மைச் சேர்ந்தவராகக் கொள்ளவில்லை என அறிவித்ததும் நாம் அனைவரும் சிறுவயதில் மதரஸாவில் கேட்டவை. அந்த வணிகர் வாயால் பொய் எதுவும் சொல்லவில்லை. வாங்குபவர் விரும்பினால் கையை நுழைத்துப் பார்த்திருக்கலாம். ஆயினும் நபியவர்கள் அதனை ஒரு சமாதானமாக ஏற்கவில்லை. குறையை அறிந்தவர் விற்பவர். ஆகவே வெளிப்படுத்தும் கடமையும் அவருடையதே.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் நெல்லைத் திருப்பி அனுப்பும் வேதனை நமக்குத் தெரியும். சாக்கின் மேல்வாயில் காய்ந்த நெல்லையும் அடியில் ஈர நெல்லையும் வைப்பவரைப் பற்றி நம் ஊரில் என்ன பேசுவார்கள் என்பதும் தெரியும். வில்லை பளபளக்கும் கைப்பிடிக்கும் மேல்வாய் காய்ந்த சாக்குக்கும் வேறுபாடு என்ன?

மற்றொரு தடையும் நினைவுக்கு வந்தது. விற்பனைக்கு முன் சில நாள் பால் கறக்காமல் விட்டு, மடி பெருத்திருப்பதாகக் காட்டி ஆட்டையும் ஒட்டகத்தையும் விற்பதை நபியவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு ஏமாந்தவருக்குத் திருப்பித் தரும் உரிமையையும் வழங்கினார்கள். மாட்டுச் சந்தைக்குச் சென்று பழகிய எவருக்கும் இந்த உத்தி புதிதன்று. அங்கும் வாய்ச்சொல்லில் பொய் இல்லை. மடிதான் பொய் பேசுகிறது. நம் ஃபிக்ஹு நூல்கள் இதனை விரித்து, மறைக்கப்பட்ட குறை பின்னர் தெரியவந்தால் வாங்கியவர் பொருளைத் திருப்பித் தரலாம் என்று ஒரு தனிப் பாடமே வகுத்துள்ளன. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வணிகர். குறையுள்ள ஒரு துணியைக் குறை சொல்லி விற்கும்படி கூட்டாளியிடம் அனுப்பினார்கள். அவர் சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவரைக் கண்டறிய இயலாமற்போகவே, அந்தச் சரக்கின் விலை முழுவதையும் இமாமவர்கள் தர்மம் செய்துவிட்டார்கள் என்பது புகழ்பெற்ற செய்தி. ஹனஃபீ வழி நடக்கும் எங்களைப் போன்ற ராவுத்தர் குடும்பங்களுக்கு அது வெறும் கதையாக இருந்துவிடக் கூடாது.

பிறர் பங்கிலிருந்து நேர்மை

எங்களுக்குக் கடினமாக இருந்த கேள்வி வேறு. உண்மையைச் சொன்னால் விலை குறையும். குறைவது சொல்பவரின் பங்கு மட்டுமன்று. அம்மாவின் 6 கூறும், சகோதரியரின் 7 கூறும் குறையும். சகோதரியருள் ஒருவர் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அந்தப் பணத்தைத்தான் எதிர்பார்த்திருந்தார். பெண்களின் பங்கைப் பல காரணம் சொல்லிக் குறைக்கும் வழக்கம் நம் சமுதாயத்தில் உண்டு. அதற்கு அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டும். அவ்வாறிருக்க, நாங்கள் நேர்மையாளர் என்று பெயர் வாங்குவதற்கு அவர்களுடைய உரிமையைச் செலவழிக்கலாமா? இந்த ஐயம் எங்களைச் சில நாள் உறங்க விடவில்லை.

இறுதியில் ஐவரும் ஒரே அறையில் அமர்ந்து பேசினோம். கட்டணத்துக்காகக் காத்திருந்த அந்தச் சகோதரியே வழிகாட்டினார். “அத்தா விட்டுப்போனது இந்தத் துப்பாக்கியைத்தான். மாற்றின கைப்பிடியோடுதான் விட்டுப்போனார்கள். அசல் கைப்பிடிக்கு உள்ள விலை அத்தாவுடைய சொத்திலேயே இல்லையே. இல்லாததில் எனக்கு எப்படிப் பங்கு வரும்?” என்றார். அதற்குமேல் எவரும் பேசவில்லை.

அவர் சொன்னதில் மீராஸ் சட்டத்தின் அடிப்படையே அடங்கியிருக்கிறது. வாரிசுகளுக்கு உரியது இறந்தவர் உண்மையில் விட்டுச் சென்ற பொருள். அதன் குறையும் அதனுடனேயே வருகிறது. குறையை மறைத்துப் பெறும் மிகைத்தொகை இறந்தவரிடமிருந்து வருவதன்று. வாங்குபவரின் அறியாமையிலிருந்து எடுக்கப்படுவது. அதனை 48 கூறாக்கினாலும் 96 கூறாக்கினாலும் ஹலால் ஆகாது. எனவே உண்மையைச் சொல்வதால் சகோதரியரின் உரிமை குறையவில்லை. உரிமையின் உண்மையான அளவு தெரியவந்தது.

மறுநாள் வணிகரின் கடையில் வாங்குபவரிடம் பலகையின் உட்புறத்தைக் காட்டினோம், மடலையும் கொடுத்தோம். அவர் முகம் சற்று வாடியது. முன்பு சொன்னதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கைக் குறைத்தார். எழுத்து மூலம் அறிவித்து, சட்டம் கோரும் காலம் காத்திருந்து, உரிமப் பதிவுகள் முடிந்து பொருள் அவர் கைக்குச் சென்றது. கல்லூரிக் கட்டணத்தில் விழுந்த துண்டைச் சகோதரர் இருவரும் தம் பங்கிலிருந்து அன்பளிப்பாக நிறைவு செய்தனர். பங்கீடு முடிந்தபின், பங்கீட்டின் பெயரைச் சொல்லாமல்.

கலந்திருப்பது குறையன்று

மாற்றிய கைப்பிடி உள்ள பொருள் இழிவானது என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். தஞ்சை அரண்மனையின் ஆயுதச்சாலையே அதற்குச் சான்று. 1855இல் சிவாஜி மன்னர் ஆண் வாரிசின்றி மறைந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியார் அரசைத் தம் வசமாக்கிக்கொண்டனர். பின்னர் அரண்மனை ஆயுதங்களில் தேர்ந்தெடுத்தவை சென்னை அருங்காட்சியகத்துக்குச் சென்றன. எஞ்சியவற்றுள் பெரும்பகுதி பழைய இரும்பாக உடைக்கப்பட்டது. எழும்பூரில் இன்றும் காணக்கிடைக்கும் தஞ்சைக் கட்டாரிகள் பலவற்றில், ஐரோப்பாவிலிருந்து வந்த வாள் அலகுகளை நம் கொல்லர்கள் உள்ளூர்க் கைப்பிடிகளில் தறைந்து பொருத்தியிருக்கிறார்கள். ஓரிடத்து அலகும் மற்றோரிடத்துப் பிடியும் சேர்ந்த அவை எவ்வளவு அழகியவை! அங்கே எவரும் எதனையும் மறைக்கவில்லை. இரண்டு ஊர்க் கைவேலையும் வெளிப்படையாகத் தெரிகின்றன. குறை கலப்பில் இல்லை. ஒன்றை மற்றொன்றாகக் காட்டுவதில்தான் இருக்கிறது.

முத்திரை என்பது அமானிதம். நபி (ஸல்) அவர்கள் அரசர்களுக்கு மடல் அனுப்புவதற்காக வெள்ளி மோதிரம் ஒன்று செய்து, தம் பெயரையும் தூதுத்துவத்தையும் அதில் மூன்று வரிகளாகப் பொறித்தார்கள். அதே பொறிப்பை வேறு எவரும் தம் மோதிரத்தில் பொறிக்கலாகாது என்றும் தடுத்தார்கள். ஒருவரின் அடையாளம் மற்றொன்றின் மீது ஏறிவிட்டால் மடலைப் பெறுபவர் எதனை நம்புவார்? நம் ஹதீஸ் அறிஞர்கள் ஒரு செய்தியின் சொற்களை மட்டும் பார்க்காமல், அது யார் யார் வழியாக வந்தது என்ற இஸ்னாதையும் ஆராய்ந்ததற்கு இதுவே காரணம். பழம்பொருளுக்கும் அதுபோன்ற தொடர் உண்டு. ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் ஆங்கிலத் தளபதி பேர்டுக்கு அளிக்கப்பட்ட திப்பு சுல்தானின் வாள் 2023ஆம் ஆண்டு இலண்டனில் ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. வேலைப்பாட்டின் அழகோடு, அது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற தெளிவும் அந்த விலைக்குக் காரணம்.

உங்கள் வீட்டிலும் இத்தகைய பழைய கைத்துப்பாக்கி இருக்குமாயின் சில செய்திகளை நினைவில் கொள்ளுங்கள். உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. பரம்பரைப் பொருளும் அந்தக் கணக்கில் அடங்கும். உரிமதாரர் மறைந்தால் தாமதமின்றி காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படையுங்கள். கைப்பிடியை நீங்களே கழற்ற வேண்டாம், மெருகேற்றவும் வேண்டாம். கழற்ற நேர்ந்தால் உட்புற எண்ணை அழித்துவிடாமல் படம் எடுத்து வையுங்கள். பழுது பார்த்த விவரம் தெரிந்த பெரியவர்கள் உயிருடன் இருக்கும்போதே கேட்டு, தேதியிட்டு எழுதி வையுங்கள். அந்தத் தாளை விற்பனையின்போது பொருளுடன் சேர்த்தே கொடுங்கள். துப்பாக்கி இல்லாத வீட்டாருக்கும் இதில் பாடம் உண்டு: பழைய நகை, பழைய வாகனம், மனைக்கட்டு என எதனை விற்றாலும் நமக்கு மட்டும் தெரிந்த குறை ஒன்று இருக்கும். அதனை விலை பேசுமுன் சொல்லிவிடுவோம்.

வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசித் தெளிவுபடுத்தினால் அவர்களின் வணிகத்தில் பரக்கத் உண்டு என்பதும், மறைத்தால் அந்த பரக்கத் அழிந்துவிடும் என்பதும் நபிமொழி தரும் செய்தி. நம் கைகளுக்கு வரும் பொருள் சிறிதாயினும் ஹலாலானதாக இருக்கவும், நம் சகோதரியரின் பங்கு ஒரு கூறும் குறையாமல் அவர்களைச் சேரவும், நம் பெற்றோரின் கப்றுகள் ஒளி பெறவும் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.